ஆய்வாளர்கள் வாதாடும் இடத்துக்கு வாருங்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. என்னிடம் துணைப்பாடம் படிக்கும் உயர்நிலை 4 மாணவி ஒருத்தி தன் வேதியியல் செய்முறைக் குறிப்பேட்டைக் காட்டினாள். டைட்ரேஷன் சோதனை. மூன்று முறை செய்திருந்தாள். முதல் இரண்டு அளவுகள் 24.6, 24.7 மில்லிலிட்டர். மூன்றாவது இடத்தில் ஓர் எண் அழிக்கப்பட்டு, அதன்மேல் 24.6 என்று எழுதப்பட்டிருந்தது. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் இருந்தது 26.1.

“ஏம்மா இதை அழித்தாய்?”

“அது தப்பு சார். எல்லாருக்கும் 24.6தான் வந்தது.”

“சரி, உனக்கு மட்டும் ஏன் 26.1 வந்தது?”

“தெரியலை சார். தேர்வுக்கு அது வேண்டாமே.”

நான் அவளைத் திட்டவில்லை. அவள் பொய் சொல்லும் பெண்ணும் அல்ல, வகுப்பில் கெட்டிக்காரி. நாம்தான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பள்ளியில் நடக்கும் எல்லாச் சோதனைகளுக்கும் விடை ஏற்கெனவே தெரியும். ஆசிரியருக்குத் தெரியும், பயிற்சி நூலின் கடைசிப் பக்கத்துக்குத் தெரியும், பக்கத்து மேசைக்காரனுக்கும் தெரியும். அந்த விடையைத் தொடுவதுதான் மாணவரின் வேலை. ஆனால், உண்மையான ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர் காலையில் எழுந்ததும் யோசிப்பது அந்த 26.1ஐப் பற்றித்தான். பியூரெட்டில் காற்றுக்குமிழி இருந்ததா? குடுவையைக் கழுவினேனா? அல்லது நான் நினைத்துக்கொண்டிருப்பதே தவறா?

விடை தெரியாத அறிவியலை 15, 16 வயதில் ஒருவர் எங்கே போய்ப் பார்ப்பது? ஆய்வுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள். ஆய்விதழைத் திறந்தால் முதல் பத்தியிலேயே மூச்சு முட்டும். அதோடு, ஆய்விதழில் வருவதும் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்த அறிவியல்தான். தடுமாற்றம், சந்தேகம், வீணாய்ப்போன மூன்று மாதங்கள், இவை எதுவும் அதில் இருக்காது.

ஓர் இடம் இருக்கிறது. ஆய்வாளர்கள் தங்கள் பெயரில் எழுதும் வலைப்பூக்களும், அவற்றின் கீழே பின்னூட்டங்களில் கூடும் கூட்டமும். 2000களின் தொடக்கத்தில் இவை பெருகின. இன்று உங்களில் பலருக்கு ‘வலைப்பூ’ என்ற சொல்லே உங்கள் அண்ணன், அக்கா காலத்துச் சொல்லாகத் தோன்றலாம். தோன்றட்டும். அங்கே நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் அமெரிக்காவின் நாசா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டிசம்பர் 2ஆம் தேதி செய்தியாளர் கூட்டம். வேற்றுலக உயிர்களுக்கான சான்றைத் தேடும் முயற்சியைப் பாதிக்கும் ஒரு கண்டுபிடிப்பு பற்றிப் பேசப்போகிறோம் என்றது. போதாதா? வேற்றுலகவாசியைப் பிடித்துவிட்டார்கள் என்றே இணையத்தில் பேச்சு கிளம்பிவிட்டது.

கூட்டத்தில் சொல்லப்பட்டது வேறு. கலிஃபோர்னியாவில் மோனோ ஏரி என்று ஓர் உப்பு ஏரி உண்டு. அதன் நீரில் ஆர்செனிக் அதிகம். ஆம், பழைய கதைகளில் கொலைக்குப் பயன்படும் அதே நஞ்சுதான். அந்த ஏரிச் சேற்றிலிருந்து ஃபெலிசா வுல்ஃப்-சைமன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அதற்கு ஜிஎஃப்ஏஜே-1 என்று பெயர். பாஸ்பரஸ் இல்லாத இடத்தில், அதற்குப் பதிலாக ஆர்செனிக்கையே பயன்படுத்தி அது வளர்கிறது. அதன் டிஎன்ஏ இழையில்கூட பாஸ்பரஸின் இடத்தில் ஆர்செனிக் உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த வாதம். ‘சயின்ஸ்’ ஆய்விதழ் அன்றே அந்தக் கட்டுரையை இணையத்தில் வெளியிட்டது.

இது ஏன் பெரிய செய்தி என்று புரிய, உங்கள் தனிம அட்டவணையை எடுங்கள். 15ஆம் தொகுதியில் பாஸ்பரஸுக்கு நேர் கீழே ஆர்செனிக் இருக்கும். அண்ணன் தம்பி மாதிரி. நடத்தையில் நிறைய ஒற்றுமை. ஆர்செனிக் நம்மைக் கொல்வதற்கு ஒரு காரணமே அதுதான். நம் செல்கள் அதை பாஸ்பரஸ் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகின்றன. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகிய ஆறும் இல்லாமல் எந்த உயிரும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். ஆறில் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம் என்றால், வேறு கோள்களில் உயிரைத் தேடும் முறையே மாறவேண்டியிருக்கும். நாளிதழ்களில் முதல் பக்கச் செய்தியானதில் வியப்பில்லை.

கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரோஸி ரெட்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியல் பேராசிரியர் இருந்தார். ‘ஆர்ஆர்ரிசர்ச்’ என்ற பெயரில் அவருக்கு ஒரு வலைப்பூ உண்டு. அதில் பெரும்பாலும் தன் ஆய்வுக்கூடத்தின் அன்றாட வேலைகளையும் குழப்பங்களையும் எழுதிவந்தார். அவருடைய துறைக்கு வெளியே அதைப் படித்தவர்கள் குறைவு. டிசம்பர் 4ஆம் தேதி, அதாவது செய்தியாளர் கூட்டம் முடிந்து இரண்டே நாளில், அந்தக் கட்டுரையை வரிவரியாகப் படித்து நீண்ட பதிவு ஒன்றைப் போட்டார். கோபமாகவே எழுதியிருந்தார். ஆனால், கோபத்தைவிடக் கணக்கு அதிகம் இருந்தது.

அவருடைய முதல் கேள்வி: வளர்ப்புக் கரைசலில் பாஸ்பரஸ் உண்மையிலேயே இல்லையா? பாஸ்பரஸ் சேர்க்கவில்லை என்பது சரி. ஆனால், சேர்த்த மற்ற உப்புகளில் மாசாக ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பாஸ்பேட் வந்திருந்தது. எவ்வளவு என்று ஆய்வாளர்களே அளந்து வெளியிட்டிருந்தார்கள். மிகமிகச் சிறிய அளவுதான். ரெட்ஃபீல்ட் அந்த எண்ணை எடுத்துக்கொண்டார். ஒரு பாக்டீரியாவுக்கு எவ்வளவு பாஸ்பரஸ் வேண்டும், கரைசலில் எத்தனை பாக்டீரியாக்கள் வளர்ந்தன என்று பெருக்கிப் பார்த்தார். அந்த மாசே போதுமானதாக இருந்தது! நஞ்சைத் தின்று வளரவேண்டிய அவசியம் அந்தப் பாக்டீரியாவுக்கு இல்லை.

இந்தக் கணக்கு உங்கள் வேதியியல் பாடத்தில் வரும் மோல் கணக்கிலிருந்து வெகுதூரம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, டிஎன்ஏவில் ஆர்செனிக் இருந்தது என்கிறீர்களே, அந்த டிஎன்ஏவைச் சரியாகச் சுத்தம் செய்தீர்களா என்று கேட்டார். கழுவாத கீரையைக் கடித்துவிட்டு, கீரைக்குள்ளேயே மண் இருக்கிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? அதுபோலத்தான், வெளியே ஒட்டிய ஆர்செனிக்கா, இழைக்குள் பின்னிய ஆர்செனிக்கா என்று அவர்களின் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதே நாள்களில் வேறொரு வலைப்பூவில் இன்னோர் ஆய்வாளர் இன்னும் எளிமையான ஒன்றைக் கேட்டார். ஆர்செனிக்கால் கோத்த இழை தண்ணீரில் நிற்காது, சட்டென்று உடைந்துவிடும். நீங்கள் டிஎன்ஏவைத் தண்ணீரில் வைத்துத்தான் பிரித்தெடுத்தீர்கள். அது நீளமாக, முழுசாகத்தானே இருந்தது? அப்படியானால் அது சாதாரண டிஎன்ஏதான்.

இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரு வாரத்துக்குள் எழுந்தவை. ஆய்விதழ் வழியாகப் போயிருந்தால் பல மாதங்கள் ஆகியிருக்கும். இவற்றைக் கிளப்பிய பதிவுகளின் கீழே மற்ற நுண்ணுயிரியலாளர்களும் வேதியியலாளர்களும் வந்து எழுதினார்கள். ஒருவர் கணக்கைச் சரிபார்த்தார். ஒருவர் இப்படியும் ஒரு சோதனை செய்யலாமே என்றார். இன்னொருவர் இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள் என்றார். துறையைச் சேராதவர்கள் தங்களுக்குப் புரியாததைக் கேட்டார்கள். ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கின் கதவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டதுபோல இருந்தது.

நாசாவுக்கு இது பிடிக்கவில்லை. அறிவியல் விவாதம் ஆய்விதழ்களில்தான் நடக்கவேண்டும், ஊடகங்களிலும் வலைப்பூக்களிலும் அல்ல என்பது அதன் பேச்சாளர் சொன்னதன் சாரம். செய்தியாளர் கூட்டம் வைத்து உலகத்துக்கே அறிவித்துவிட்டு இப்படிச் சொன்னது வேடிக்கைதான். ஆனாலும், அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2011 ஜூன் மாதம் ‘சயின்ஸ்’ அந்தக் கட்டுரையை அச்சில் கொண்டுவந்தபோது, அதோடு 8 மறுப்புக் குறிப்புகளையும் சேர்த்தே அச்சிட்டது. ரெட்ஃபீல்ட் அதோடு விடவில்லை. கேள்வி கேட்பது எளிது, செய்து பார்க்கவேண்டாமா? அந்தப் பாக்டீரியாவையே வரவழைத்துத் தன் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். ஒவ்வொரு கட்டத்தையும் வலைப்பூவில் எழுதினார். வளர மாட்டேன் என்கிறது என்று எழுதினார். கரைசலில் எதை மாற்றினேன் என்று எழுதினார். அவருடைய 26.1களை எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, நன்றாகச் சுத்தம் செய்த டிஎன்ஏவைக் கருவியில் இட்டுப் பார்த்தார். ஆர்செனிக் இல்லை. 2012 ஜூலையில் அது ‘சயின்ஸ்’ இதழிலேயே வெளியானது. சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று தனியாகச் செய்த ஆய்வும் அதோடு வந்தது. அந்தப் பாக்டீரியா ஆர்செனிக்கைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வாழ்வதற்குப் பாஸ்பேட் வேண்டும் என்று அது காட்டியது.

கடைசியில் 2025 ஜூலையில், ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து, ‘சயின்ஸ்’ அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மோசடி நடந்ததாக அது சொல்லவில்லை. சோதனைகள் அந்த முடிவைத் தாங்கவில்லை என்றுதான் சொன்னது. கட்டுரையை எழுதியவர்கள் அதை ஏற்கவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் பலரும், வலைப்பூ ஜெயித்தது, நாசா தோற்றது என்று முடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் வேறோர் இடம்தான் பிடிக்கும். கரைசலில் கொஞ்சம் பாஸ்பேட் இருந்தது என்ற எண்ணை முதலில் வெளியிட்டது யார்? வுல்ஃப்-சைமன் குழுவினர்தான். தங்கள் வாதத்துக்கு இடைஞ்சலான அந்த எண்ணை அவர்கள் அழிக்கவில்லை. அது தாளில் இருந்ததால்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒருவரால் கணக்குப் போட முடிந்தது. முடிவில் தவறிவிட்டாலும், எண்ணில் நேர்மையாக இருந்தார்கள். சனிக்கிழமை வகுப்பில் நான் சொல்ல நினைத்தது இதைத்தான். சொல்லத்தான் அன்று வரவில்லை.

சண்டைதான் என்றில்லை. 2009 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் டிமதி கவர்ஸ் தன் வலைப்பூவில் ஒரு யோசனை சொன்னார். கடினமான கணிதச் சிக்கல் ஒன்றை நாம் எல்லாரும் சேர்ந்து, இங்கேயே, பின்னூட்டங்களிலேயே தீர்க்கப் பார்த்தால் என்ன? அவர் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். எடுத்துக்கொண்ட சிக்கல், நீங்கள் தாளில் விளையாடும் பெருக்கல்குறி, வட்டம் போடும் ஒன்பது கட்ட விளையாட்டின் பெரியப்பா. அந்தக் கட்டத்தை இரண்டு பரிமாணத்தோடு நிறுத்தாமல் பல பரிமாணங்களுக்கு விரித்துக்கொண்டே போங்கள். கட்டங்களில் ஒரு சிறு பங்கை மட்டுமே நிரப்பினாலும், பரிமாணம் போதுமான அளவு பெருகிவிட்டால், எங்காவது ஒரே கோட்டில் மூன்று அமைந்தே தீரும். இது 1991இலேயே நிரூபிக்கப்பட்டது. ஆனால், சுற்றிவளைத்த வழியில். எளிய வழி உண்டா என்பதே கவர்ஸின் கேள்வி.

விவாதம் தொடங்கிச் சில மணி நேரத்தில் முதல் பின்னூட்டம் வந்தது, ஒரு பல்கலைக்கழகக் கணிதரிடமிருந்து. அடுத்த 15 நிமிடத்தில் இரண்டாவது. எழுதியவர் அமெரிக்காவின் அரிசோனாவில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். மூன்று நிமிடம் கழித்து மூன்றாவது. எழுதியவர் இன்னொரு ஃபீல்ட்ஸ் பதக்கக்காரரான டெரன்ஸ் தாவ். பள்ளி ஆசிரியருக்குக் கீழே தாவ் எழுதுகிறார்; யாரும் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. 37 நாளில் 27 பேர் ஏறத்தாழ 800 பின்னூட்டங்கள் எழுதினார்கள். சிக்கல் தீர்ந்தது. ஆய்வுக் கட்டுரையை ‘பாலிமேத்’ என்ற பொதுப் பெயரில் வெளியிட்டார்கள். வழியில் வந்த முட்டாள்தனமான யோசனைகளும் அந்தப் பக்கங்களில் அப்படியே இருந்தன. பெரிய கணிதர்களும் தவறாக யோசிப்பார்கள் என்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

இவ்வளவு நல்ல இடம் என்றால் ஏன் உங்களில் யாரும் அங்கே போவதில்லை?

அறிவியல் வலைப்பூக்களை யார் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது, படிப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நன்கு படித்தவர்கள், அறிவியலில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் என்பதுதான். பசி இல்லாதவர்களுக்கே விருந்து. இது எனக்கு வருத்தம் தரும் செய்தி. வலைப்பூ எழுதுபவர்கள் பெரும்பாலும் தங்களைப் போன்றவர்களையே மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். உட்லண்ட்ஸிலிருந்து எம்ஆர்டி ரயிலில் போகும் ஒரு 15 வயதுப் பையன் திறந்து பார்த்தால், தனக்கு அழைப்பு இல்லாத திருமணத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிவிடுவான்.

விதிவிலக்குகள் உண்டு. மருந்து ஆராய்ச்சித் துறையில் வேலை செய்த அமெரிக்க வேதியியலாளர் டெரெக் லோ 2002 முதல் எழுதும் ‘இன் த பைப்லைன்’ அவற்றில் ஒன்று. நான் கையால் தொடவே மாட்டேன் என்று அவர் ஒதுக்கிய வேதிப்பொருள்களைப் பற்றி ஒரு வரிசையே எழுதியிருக்கிறார். அதில் ஒன்று டைஆக்சிஜன் டைஃபுளோரைடு. இரண்டு ஆக்சிஜன் நடுவில், இரண்டு புறமும் ஃபுளோரின். சின்னங்களை வரிசையாக வாசித்தால் ‘ஃபூஃப்’ என்று வரும். வெடிக்கும் சத்தமும் ஏறத்தாழ அதுதான். எத்தனால் மைனஸ் 114 டிகிரி செல்சியஸில்தான் உறையும். அப்படி உறைந்து கட்டியாகிப்போன எத்தனாலில் இது பட்டாலே நீலச் சுடர் எழுந்து வெடிக்கும். 1960களில் ஓர் ஆய்வாளர் இந்தப் பொருளை ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றோடு சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். லோ அந்தக் கட்டுரையை வாசித்து வியக்கும் விதத்தைப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். சிரித்து முடிக்கும்போது ஆக்சிஜனேற்றம் பற்றி வகுப்பில் படித்தது மண்டையில் ஏறியிருக்கும்.

இப்போது பிரச்சினைகள். வலைப்பூ என்றாலே நம்பலாம் என்று நான் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். இணையத்தில் குப்பைக்குப் பஞ்சமில்லை. நாசாவின் பேச்சாளர் சொன்னதில் நியாயம் இருக்கும் இடமும் இதுதான்; வலைப்பூவில் எழுத யாரும் யாரையும் கேட்கவேண்டாம், சரிபார்க்க ஆளில்லை. ஆர்செனிக் கதையில் சில பின்னூட்டங்கள் ஆய்வை விட்டுவிட்டு ஆளைத் தாக்கின. வுல்ஃப்-சைமன் அந்த நாள்களில் பட்ட பாடு எந்த ஆய்வாளரும் படக்கூடாதது. ஒரு கணக்கு தவறு என்று சொல்வதற்கும், இவர் இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்டால் அந்தக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. ரெட்ஃபீல்டின் பதிவு அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது என்பது என் கருத்து. என்னோடு உடன்படாதவர்கள் இருக்கலாம்.

பணமும் ஒரு சிக்கல். 2006இல் அமெரிக்காவில் ‘சயின்ஸ்பிளாக்ஸ்’ என்று ஒரு தளம் தொடங்கி, பல ஆய்வாளர்களின் வலைப்பூக்களை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது. நல்ல கூட்டம். 2010 ஜூலையில் பெப்சி நிறுவனம் பணம் கொடுத்து, உணவும் ஊட்டச்சத்தும் பற்றிய வலைப்பூ ஒன்றை அதே கூரைக்குக் கீழ் திறந்தது. இனிப்புப் பானம் விற்பவர் ஊட்டச்சத்து பற்றி எழுதுவதா, அதுவும் எங்கள் பக்கத்தில் எங்களைப் போலவே உட்கார்ந்துகொண்டா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே அந்த வலைப்பூ எடுக்கப்பட்டது. ஆனாலும், பலர் வெளியேறிவிட்டார்கள். போனது வாசகர்களின் நம்பிக்கைதான். அதைத் திரும்பக் கட்ட முடியவில்லை.

ஆகவே, ஒரு வலைப்பூவைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது எழுதியவரின் பட்டத்தை அல்ல. அவர் எங்காவது, நான் இதில் தவறிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாரா என்று தேடுவேன். ஒருமுறைகூட இல்லை என்றால் சந்தேகம்தான். பிறகு, பின்னூட்டங்களில் எதிர்த்து எழுதியவர்களை அவர் எப்படி நடத்துகிறார் என்று பார்ப்பேன். அவர்களை விரட்டிவிட்டு, ஆஹா ஓஹோ என்பவர்களை மட்டும் விட்டுவைத்திருந்தால் அந்தக் கடைக்குத் திரும்பப் போகமாட்டேன்.

குறுங்காணொளிகளில் அறிவியல் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. சில மிக நன்றாகவும் இருக்கின்றன. என் அக்காள் மகன் கருந்துளைகளைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான். ஆனால், 60 வினாடிக் காணொளியில் வாக்குவாதத்துக்கு இடமில்லை. கீழே எழுதுபவர்களும் எழுதுவதில்லை, படம் போடுகிறார்கள். நாளைக்கு அது எங்கோ ஓடிவிடும், தேடினாலும் அகப்படாது. எழுத்து அப்படியல்ல. ஒருவர் ஐந்தாவது பத்தியில் செய்த பிழையை இன்னொருவர் சுட்டிக்காட்டி, அவர் ஒப்புக்கொண்டு, நாம் ஐந்து ஆண்டு கழித்து வந்து மேலும் கீழும் படித்துப் பார்க்கலாம்.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தின் உயிரியல் விரிவுரையாளர் என். சிவசோதியை ‘ஆட்டர்மேன்’, அதாவது நீர்நாய்க்காரர் என்றால் இயற்கை ஆர்வலர்களுக்கு உடனே தெரியும். ‘ஹேபிடேட்நியூஸ்’ என்ற வலைப்பூவில் நம் சதுப்புநிலங்கள், கடற்கரைத் துப்புரவு, காட்டு நடைகள் பற்றி எழுதிவந்தவர். அதைப் படிப்பவருக்கு வேலை இருந்தது. வந்து நெகிழிக் குப்பையைப் பொறுக்கி எண்ணவேண்டும். அந்த எண்ணிக்கையும் ஒரு தரவுதான்.

தமிழிலும் ஒரு காலம் இருந்தது. 2004இல் ‘தமிழ்மணம்’ தளம் உலகெங்கும் உள்ள தமிழ் வலைப்பூக்களை ஒரே பட்டியலில் காட்டத் தொடங்கியபின், எழுதுவோரும் படிப்போரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். தமிழ்நாட்டின் மூத்த பத்திரிகையாளர் என். ராமதுரை ‘அறிவியல்புரம்’ என்ற வலைப்பூவில் விண்வெளியையும் அணுவையும் எளிய தமிழில் எழுதினார். ஆனால், ஆர்செனிக் கதையைப் போல ஒரு சண்டை, எண்களை வைத்துக்கொண்டு தமிழில் நடந்ததை நான் பார்த்ததில்லை. தமிழில் அறிவியல் எழுதினால் நாம் பாராட்டுகிறோம். அருமை ஐயா, தொடருங்கள் என்கிறோம். ஐயா, இந்த மூன்றாவது வரியில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாராட்டுத்தான் அதிகம், திருத்தங்கள் மிகக் குறைவு. நான் அவ்வளவு சரியாக எழுதுகிறவன் அல்ல என்பது எனக்கே தெரியும்.

அந்த மாணவிக்கு டெரெக் லோவின் ஃபூஃப் பதிவை அனுப்பியிருந்தேன். படிக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை வந்து உட்காரும் முன்பே கேட்டாள்.

“சார், அவ்வளவு குளிரிலேயே எதைத் தொட்டாலும் வெடிக்கிற பொருளை, அவங்க எந்தப் பாத்திரத்தில் வச்சிருந்தாங்க?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் கைப்பேசியை எடுத்து, பதிவின் கீழே பின்னூட்டங்களில் யாராவது இதைக் கேட்டிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தாள். அன்றைக்கு டைட்ரேஷன் பாடம் அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது.